சுவிசுக்குக் காரில்: புறப்படுமுன் எழுதிய நாட்குறிப்பு

ஜூன் 22, 2024, சனி

காலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சுவிசின் பேர்ணிலிருந்து அண்ணா அழைத்தார். "நீங்கள் பாத்து வைச்ச றோட்டை ஆறு அடிச்சுக்கொண்டு போட்டுது" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. இரவு பெய்த பெருமழையில் மிசோக்ஸ் பள்ளத்தாக்கில் மொயேசா ஆறு பெருக்கெடுத்து, சான் பெர்னார்டினோ வழியாகத் தெற்கே இறங்கும் ஏ13 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்தை அரித்துக்கொண்டு போய்விட்டது. அவர் அனுப்பிய படத்தில் சாலையின் வெள்ளைக்கோடு நேராக வந்து, சேறும் பாறையுமாக ஓடும் தண்ணீருக்கு மேலே சட்டென்று முடிந்திருந்தது.

லண்டன் ஹரோவிலிருந்து நாங்கள் ஐந்து பேர் காரில் புறப்படுவதாகத் திட்டம்: கணவர், பதினான்கு வயது மகள், ஒன்பது வயது மகன், எழுபத்தொரு வயது அப்பா, நான். பள்ளி விடுமுறையில் ஐந்து பேருக்கு விமானச் சீட்டு விற்கும் விலை ஒரு காரணம். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு விமான நிலையங்களின் நீண்ட நடைபாதைகள் அப்பாவுக்கு ஒத்துவராதது இன்னொரு காரணம். அப்பா சொன்ன காரணம் வேறு. "ஜேர்மனியை இன்னொருக்காத் தரையால பாக்கவேணும், பிள்ளை" என்று தைப்பொங்கல் அன்று சொன்னவர், அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. அவர் ஒரு விடயத்தை ஒருமுறைதான் கேட்பார் என்பது எனக்குத் தெரியும்.

பாதை இதுதான். ஜூலை 30 ஆம் திகதி ஃபோக்ஸ்டனிலிருந்து காரை ரயிலில் ஏற்றிக் கடலடிச் சுரங்கம் வழியாகப் பிரான்சின் கலே. அங்கிருந்து ஏ26 நெடுஞ்சாலையில் றைம்ஸ், அங்கே ஓர் இரவு. மறுநாள் பேர்ண், ஆகஸ்ட் முதலாம் திகதி சுவிஸ் தேசிய நாள் வாணவேடிக்கை. பிறகு ஆல்ப்ஸைக் கடந்து லொகார்னோ, இத்தாலியின் கார்டா ஏரி, பிரென்னர் கணவாய், இன்ஸ்புரூக், வூர்ட்ஸ்பூர்க், ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோவில், மீண்டும் கலே. வரைபடத்தில் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் வருகிறது. இதில் ஆல்ப்ஸைக் கடக்கும் இடம் மட்டுமே எனக்கு ஆரம்பத்திலிருந்து கவலை. கொத்தார்ட் சுரங்கத்தின் வாயில் கோடைச் சனிக்கிழமைகளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வரிசை நிற்பது வழக்கம் என்பதால், அது நெரிந்தால் சான் பெர்னார்டினோவால் சுற்றி இறங்கலாம் என்று குறித்து வைத்திருந்தேன். இப்போது அந்த மாற்று வழியே இல்லை. அந்த வழியே போக வேண்டிய வாகனங்களும் கொத்தார்டுக்குத்தான் வரும்.

ஜூன் 23, ஞாயிறு

எல்லோருடைய கடவுச்சீட்டுகளையும் மேசையில் பரப்பினேன். அப்பாவினுடையது 2025 ஜனவரியில் முடிவடைகிறது. திரும்பி வந்த பிறகும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று ஒதுக்கி வைக்கப் போனபோது, வழங்கப்பட்ட திகதி கண்ணில் பட்டது: 2014 ஜூன் 9.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுந்திருக்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். 2018 செப்டம்பருக்கு முன்பு பிரித்தானியக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர்களுக்கு, பழையதில் மிஞ்சிய மாதங்களை, அதிகபட்சம் ஒன்பது வரை, புதியதில் கூட்டிக் கொடுத்தார்கள். ஆகவே பத்து ஆண்டுகளுக்கு மேல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டுகள் இன்னும் பலரிடம் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா வெளியேறிய பிறகு தமக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளுக்கு நாங்கள் வெளியாட்கள். வெளியாட்களின் கடவுச்சீட்டு, உள்ளே நுழையும் நாளுக்கு முந்திய பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இரண்டாவது நிபந்தனையில் அப்பா தேறிவிட்டார். முதலாவதில் ஏழு வாரத்தால் தவறிவிட்டார். முடிவுத் திகதியை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால், எல்லை அதிகாரியின் கண்ணாடிக்கு முன்னால்தான் இது தெரியவந்திருக்கும்.

அப்பாவுக்கு இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. அவரிடம் ஒரு பிளாஸ்டிக் கோப்பு உண்டு. 1985 இலிருந்து அவருக்கு எந்த அரசாங்கம் எந்தக் காகிதம் கொடுத்ததோ அது அத்தனையும் வரிசையாக அதில் இருக்கும். காகித விடயத்தில் பிழை விடாத மனிதர் என்று எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பெயர். நான் விளக்கி முடித்ததும் அவர் கடவுச்சீட்டை வாங்கி, முதற்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "முடியாத பாஸ்போட்டும் முடிஞ்ச பாஸ்போட்டோ?" என்று கேட்டார். அன்று மாலையே இணையத்தில் விண்ணப்பித்தோம். கட்டணம் 88.50 பவுண்; மூன்று வாரம் ஆகலாம் என்று போட்டிருந்தது. படம் எடுக்கத்தான் நேரம் பிடித்தது. வெள்ளைச் சுவரின் முன்னே நிறுத்தி எடுத்த ஆறு படங்களை நிழல் விழுகிறது என்று கணினி நிராகரிக்க, ஏழாவதை மகள் தோட்டக் கதவருகே நிறுத்தி எடுத்தாள்.

ஜூன் 30, ஞாயிறு

ஐரோப்பாவுக்குள் எல்லைகள் இல்லை என்று சொல்கிறார்கள். எல்லைக் கம்பங்களைக் கழற்றிவிட்டு, அவற்றை ஸ்டிக்கராக வெட்டி எங்கள் கார்க் கண்ணாடியில் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்பது இந்த வார இறுதியில் நான் கண்ட உண்மை.

முதலில் காரின் பின்புறம். 2013 ஆம் ஆண்டுக் காராகையால் இலக்கத்தகட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்சத்திரங்களும் ஜீ.பி. என்ற எழுத்துகளும் இருக்கின்றன. 2021 செப்டம்பர் 28 முதல் அது செல்லாது, யூ.கே. என்று ஒட்ட வேண்டும். அடுத்தது பிரான்சின் க்ரிட்ஏர். வாகனம் எவ்வளவு புகை கக்குகிறது என்பதைப் பொறுத்து வண்ணமும் இலக்கமும் மாறும் வில்லை இது. எங்களுடையது யூரோ 5 என்ற புகைத்தரத்தில் வரும் பெற்றோல் கார் என்பதால் ஊதா நிறத்தில் ஒன்றாம் இலக்கம். வாகனப் பதிவுப் புத்தகத்தின் படத்தை அனுப்பி, தபாலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பாரிசுக்குள் போகாவிட்டாலும், வழி தவறி ஒரு பெருநகரத்துக்குள் நுழைந்துவிட்டால் என்ன செய்வது என்று அதையும் எடுத்துவிட்டேன். ஜேர்மன் நகரங்களுக்கு ஒரு பச்சை வில்லை.

சுவிஸ் நெடுஞ்சாலைகளுக்கு வின்யெட் என்ற கட்டண வில்லை. நாற்பது பிராங்க். ஒரு நாள் ஓடினாலும் நாற்பது, ஆண்டு முழுக்க ஓடினாலும் நாற்பது. வாரக் கணக்கு, மாதக் கணக்கு என்று எதுவும் கிடையாது. கடந்த ஆகஸ்டிலிருந்து இலத்திரனியல் வின்யெட்டும் விற்கிறார்கள். அது கண்ணாடியோடு ஒட்டாமல் காரின் இலக்கத்தோடு ஒட்டும் என்பதால் அதையே வாங்கினேன். இல்லாமல் பிடிபட்டால் இருநூறு பிராங்க் தண்டம், அதற்கு மேல் வின்யெட்டின் விலை. ஆஸ்திரியாவில் இந்த ஆண்டு முதல் ஒருநாள் வின்யெட் 8.60 யூரோவுக்கும், பத்துநாள் வின்யெட் 11.50 யூரோவுக்கும் கிடைக்கின்றன. மூன்று யூரோவை மிச்சம் பிடித்துவிட்டு இன்ஸ்புரூக்கில் மழை வந்தால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க விருப்பமில்லாததால் பத்துநாள் வாங்கினோம். பிரென்னர் நெடுஞ்சாலைக்கு இது போதாது. 190 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஐரோப்பாப் பாலம் உட்பட அந்தப் பாதைக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும்.

இத்தாலிக்கு ஸ்டிக்கர் இல்லை. அங்கே பழைய நகரங்களின் நடுப்பகுதியில் உள்ளூர் அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டுமே போகக்கூடிய வலயங்கள் இருக்கின்றன. வாசலில் ஒரு கமெரா நிற்கும். எங்கள் தெருக்காரர் ஒருவர் அங்கே ஓர் இரவில் தங்குமிடம் தேடி மூன்று முறை சுற்றியதற்கு, மாதங்கள் கழித்து மூன்று தண்டக் கடிதங்கள் வந்தன. ஆகவே இத்தாலியில் எங்கள் வாகனத் தரிப்பிடம் எல்லாம் நகரத்துக்கு வெளியே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணாவிடமிருந்து மறுபடியும் செய்தி. கொத்தார்டும் வேண்டாம் என்றால் பேர்ணிலிருந்து லொட்ச்பெர்க் சுரங்கத்தில் காரை ரயிலில் ஏற்றி, சிம்ப்ளொன் கணவாயால் இறங்கலாம் என்று அவர் போன வாரம் சொல்லியிருந்தார். நேற்றிரவு அந்தப் பக்கத்திலும் வெள்ளம். வலே மாநிலத்தில் ரோன் நதி பெருகி சியேர் அருகே ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டிருக்கிறது. நாங்கள் தங்கப்போகும் லொகார்னோவுக்கு மேலேயுள்ள மாஜியா பள்ளத்தாக்கில் விஸ்லெட்டோ பாலம் இடிந்துவிட்டது, உயிர்களும் போயிருக்கின்றன. அந்தப் பள்ளத்தாக்கில் குளிப்பதற்கென்று மகன் எழுதி வைத்திருந்த வரியை நான் பட்டியலிலிருந்து எடுத்தேன். அங்குள்ளவர்கள் மீண்டெழும்வரை வேடிக்கை பார்க்கப் போவது சரியல்ல.

ஜூலை 5, வெள்ளி

நாடே தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் ஏ13 பற்றிய செய்தியை வாசித்தோம். எதிர்பார்த்ததற்கும் முன்னதாக, தற்காலிகமாகப் போக்குவரத்துக்கு இன்று திறந்துவிட்டார்கள். இரண்டு வாரம் எங்கே, நம் ஊரில் ஒரு பள்ளத்தைச் சுற்றி வைக்கும் செம்மஞ்சள் கூம்புகள் நிற்கும் காலம் எங்கே.

ஜூலை 11, வியாழன்

அப்பாவின் புதிய கடவுச்சீட்டு வந்துவிட்டது. அடர்நீல அட்டை. பழையதைப் பார்த்ததுபோலவே இதையும் பிடித்துப் பார்த்து, "திரும்பவும் நீலமோ" என்றார். அவருடைய கோப்பின் அடியில் இன்னொரு நீலப் புத்தகம் உண்டு. மூலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் போட்ட அகதிப் பயண ஆவணம். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி விசா எடுக்க வேண்டியிருந்த காலத்தில், சூரிச்சில் நடந்த மருமகளின் கல்யாணத்துக்கு விசா நேரத்துக்குக் கிடைக்காமல் அவர் போகாமல் இருந்திருக்கிறார். அப்போது வாங்கிய வேட்டி சால்வை இன்னும் பெட்டியில் இருக்கிறது.

ஜூலை 13, சனி

காரை காரேஜில் விட்டு எடுத்தோம். முன்பக்க பிரேக் கட்டைகள் மாற்ற வேண்டியிருந்தது. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர்க்குழாய் ஒன்றில் மெல்லிய வெடிப்பு. லண்டனுக்குள் இன்னும் ஒரு வருடம் ஓடும், மலை ஏறினால் ஓடாது என்றார் மெக்கானிக். பிரேக் எண்ணெயையும் மாற்றச் சொன்னேன். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்த எண்ணெய் சூடேறிக் கொதித்து, மிதி தரைக்குப் போகும் என்பதால், இரண்டாம் மூன்றாம் கியரில் இயந்திரமே காரைப் பிடித்துக்கொள்ளும்படி இறங்கப் பழக வேண்டும் என்று அவர் எனக்கும் கணவருக்கும் ஒரு பாடம் நடத்தினார். முழுச் சுமைக்கு ரயர்க் காற்று எவ்வளவு என்பது சாரதிப் பக்கக் கதவுத்தூணில் ஒட்டியிருக்கிறது; பதினொரு வருடமாக அதை நான் வாசித்ததில்லை.

இந்த வெடித்த குழாய்தான் எங்களுடைய ஆல்ப்ஸ் விவாதத்தை மீண்டும் கிளப்பியது. அப்பாவுக்குச் சுரங்கம் பிடிக்காது. 1980 செப்டம்பர் 5 அன்று திறந்த கொத்தார்ட் வீதிச் சுரங்கம் 16.9 கிலோமீட்டர் நீளம். எதிரெதிர்த் திசை வாகனங்கள் ஒரே குழாயில் போகின்றன. 2001 ஒக்டோபரில் உள்ளே இரண்டு லொறிகள் மோதித் தீப்பிடித்ததில் பதினொரு பேர் இறந்தார்கள். அதன்பிறகு லொறிகளை இடைவெளி விட்டு, அளந்து அளந்துதான் உள்ளே விடுகிறார்கள். மகனோ 2,106 மீட்டர் உயரக் கணவாயின் மேல் போக வேண்டும் என்கிறான். கணவாயின் தெற்குப் பக்கத்தில் ட்ரெமோலா என்ற பழைய கற்பதித்த பாதை, கீழே விழுந்த நாடாவைப் போல் இருபத்துநான்கு கொண்டை ஊசி வளைவுகளோடு இறங்குகிறது. குழாய் மாற்றியாகிவிட்டது, அப்பாவும் மகனும் வெவ்வேறு காரணங்களுக்காக ஒரே பக்கம் நிற்கிறார்கள், ஆகவே கணவாய்தான். வளைவுகளில் யார் ஓட்டுவது என்பது மட்டும் தீர்மானமாகவில்லை. நான்தான் ஓட்டுவேன்.

கார் வழியில் நின்றுவிட்டால் உதவும் காப்புறுதியை ஐரோப்பாவுக்கும் நீட்டித்தோம். இதில் பிரான்சுக்கு ஒரு சிறப்பு விதி உண்டு. அங்கே நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் நம் காப்புறுதி நிறுவனத்தின் வண்டி வர முடியாது. ஒளிரும் மேற்சட்டை அணிந்து, எல்லோரும் தடுப்புக்கு அப்பால் போய் நின்று, வழியோரச் செம்மஞ்சள் தொலைபேசியிலோ 112 இலோ அழைத்தால், அனுமதி பெற்ற இழுவை வண்டி வந்து நெடுஞ்சாலைக்கு வெளியே கொண்டுபோய் விடும். அந்தப் பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, அதன்பிறகு காப்புறுதிக்காரருடன் பேச வேண்டும். மேற்சட்டை சாமான் பெட்டியின் அடியில் இருந்தால் பயனில்லை, இருக்கையிலிருந்தே கைக்கு எட்ட வேண்டும் என்பதால் ஐந்தையும் இருக்கைகளின் பின்பையில் செருகினோம். எச்சரிக்கை முக்கோணம் ஒன்று, முதலுதவிப் பெட்டி ஒன்று. கடையில் இவற்றோடு மது ஊதிப் பார்க்கும் குழாய் இரண்டையும் சேர்த்துக் கட்டி விற்கிறார்கள். பிரான்ஸ் 2012 இல் அதைக் கட்டாயமாக்கி, வைத்திராதவருக்குத் தண்டம் விதிக்காமலே இருந்து, 2020 இல் சட்டத்தையே எடுத்துவிட்டது. கடைக்காரருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

பிரித்தானியக் கார்களின் விளக்கு இடது ஓரத்தை நோக்கிச் சாய்ந்து ஒளி வீசும். வலப்புறம் ஓட்டும் நாடுகளில் அந்தச் சாய்வு எதிரே வருபவரின் கண்ணில் நேரே குத்தும். சில கார்களில் ஒரு விசையைத் திருப்பினால் போதும். எங்களுடையதில் கறுப்பு வில்லைகளைக் கண்ணாடியில் ஒட்டி அந்தச் சாய்வை மறைக்க வேண்டும். எங்கே ஒட்டுவது என்று பார்க்க இருட்டு வேண்டும். ஜூலையில் லண்டனில் இருட்ட ஒன்பதரை ஆகும். இன்றிரவு ஐரோப்பியக் கிண்ண இறுதிப் போட்டி வேறு. ஸ்பெயின் இரண்டு, இங்கிலாந்து ஒன்று. மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டோர்ச் பிடிக்க வந்தான்.

காரைப் பக்கத்து வீட்டு மதிலை நோக்கி நிறுத்தி விளக்கைப் போட்டோம். மதிலில் ஒளி ஒரு நேர்கோடாக வந்து, இடப்பக்கம் மேல்நோக்கி ஒரு கத்தி முனைபோல் ஏறியது. கணவர் விரலை விளக்குக் கண்ணாடியில் வைத்து மெல்ல நகர்த்த, மதிலில் அந்த முனை இருக்கும் இடத்தை நிழல் தேடிக்கொண்டு போனது. "இன்னும் கொஞ்சம் மேல", "ஐயோ, கடந்திட்டியள்" என்று நானும் மகளும் மதிலருகே நின்று கத்தினோம். விரலின் நிழல் முனையை விழுங்கியதும் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, புள்ளியின் மேல் வில்லை. இரண்டு விளக்குக்கும் நாற்பது நிமிடம்.

அப்பா வாசற்படியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். போட்டி நடந்தது பேர்லினில் என்பதாலோ என்னவோ, தொடங்கிவிட்டார். 1985 பெப்ரவரி, கொழும்பிலிருந்து மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். கிழக்கு ஜேர்மனி கடந்து போக மட்டும் அனுமதித்தது. அங்கிருந்து எஸ்-பான் ரயில், ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராச நிலையம், அதைக் கடந்தால் மேற்கு. நகரத்தை இரண்டாகப் பிரித்த கோடு ஒரு நாட்டெல்லை என்பதை மேற்குத் தரப்பு ஏற்றுக்கொள்ளாததால், அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டைப் பார்க்க ஆளே இல்லை. எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் அந்த வழியால்தான் வந்தார்கள். "செருப்போட வந்தனான். ரெயிலால இறங்கினா வெள்ளை வெளேரெண்டு கிடக்கு. உப்பெண்டு நினைச்சன்" என்றார் அப்பா. ஒரு சோதனையும் இல்லாத ஒரு வாசலைக் கடந்ததும், அடுத்த பல ஆண்டுகளுக்கு ஒவ்வொரு வாசலிலும் சோதனைதான் என்று அவர் அன்று அறிந்திருக்கவில்லை. மகன் டோர்ச்சை அணைக்க மறந்து நின்றான். நான் இந்தக் கதையில் செருப்புப் பகுதியை முதல்முறையாகக் கேட்டேன்.

எங்கள் பாதையில் பேர்லின் இல்லை. திரும்பும் வழியில் ஹம் கோவில்தான் அப்பா கேட்ட ஜேர்மனி. 2002 இல் கும்பாபிஷேகம் நடந்த அந்தக் கோவிலின் கோபுரம் தொழிற்சாலைகளுக்கு நடுவே எழுந்து நிற்கிறது. தேர்த் திருவிழா முடிந்துவிட்டதால் கூட்டம் இராது என்று ஆறுதல் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

ஜூலை 20, சனி

மகனுக்கு உயரம் அளந்தோம். சமையலறைக் கதவு நிலையில் பென்சில் கோடு: 139 சென்ரிமீட்டர். பிரித்தானியாவில் 135 ஐத் தாண்டினால் காரில் உயர்த்தி இருக்கை வேண்டியதில்லை. போன வருடம் அந்தக் கோட்டைத் தாண்டிய அன்று அவன் தன் இருக்கையைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தருமக் கடையில் கொடுத்துவிட்டு வந்தவன். சுவிஸிலும் ஜேர்மனியிலும் பன்னிரண்டு வயது ஆகும்வரை அல்லது 150 சென்ரிமீட்டர் உயரும்வரை அது வேண்டும், இத்தாலியில் 150 சென்ரிமீட்டர் உயரும்வரை. ஆகவே இன்று ஒன்று வாங்கினோம். "பிரான்சுக்குள்ள இருக்கமாட்டன், சுவிஸ் போர்டரில வைச்சா காணும்" என்று பேரம் பேசினான். அக்கா தன் கைபேசியில் அதைப் படம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில் சமாதானம்.

அப்பாவின் மருத்துவப் பயணக் காப்புறுதிக்கு ஒன்றரை மணிநேரம் தொலைபேசியில் கழிந்தது. ஐரோப்பாவில் மருத்துவத்துக்கு உதவும் இலவச சுகாதார அட்டை கையில் இருந்தாலும், மலையிலிருந்து மீட்டு வருவதற்கோ, நோயாளியை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதற்கோ அது பணம் கொடுக்காது. நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் என்று ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்லத் தொகை ஏறியது. எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் கட்டிய பணம் அத்தனையும் வீண். இன்சுலினுக்குக் குளிர்ப்பை, மருந்துச் சீட்டின் பிரதி இரண்டு.

ஜூலை 26, வெள்ளி

பாரிசில் இன்று ஒலிம்பிக் தொடக்க விழா. காலையில் பிரான்சின் அதிவேக ரயில் பாதைகளில் யாரோ தீ வைத்ததால் ஆயிரக்கணக்கானோர் நிலையங்களில் மாட்டிக்கொண்டார்கள். ரயிலில் பாரிஸ் போக இருந்த சிநேகிதி, அங்கே தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் எனக்குக் கறிவேப்பிலை வாங்கித் தருவதாகச் சொன்ன வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

கறிவேப்பிலைதான் இந்த வாரத்தின் பிரச்சினை. 2021 முதல் பிரித்தானியாவிலிருந்து இறைச்சியையும் பாற்பொருட்களையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. அந்த ஜனவரியிலேயே நெதர்லாந்துத் துறைமுகத்தில் லொறிச் சாரதிகளின் பன்றியிறைச்சி சான்விச்சைப் பறித்துக்கொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். ஆகவே மட்டன் ரோல்ஸ் இல்லை, தயிர் இல்லை, மச்சாள் கேட்ட நெய் இல்லை. பச்சை இலைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேண்டாத பழங்கள் ஐந்து மட்டுமே: அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை. தேங்காய் போகலாம், கறிவேப்பிலை போகக்கூடாது என்று பிரசெல்ஸில் எழுதியவர் ஒருநாளும் சம்பல் இடித்திருக்க மாட்டார். மீனுக்குத் தடையில்லை. எனவே முதல்நாள் உணவுக்கு மீன் கட்லட், லொகார்னோ வாடகை வீட்டுக்கு மாசிக் கருவாடு, புட்டு மா, இடியப்ப உரல், வறுத்த மிளகாய்த்தூள். கறிவேப்பிலையை மிளகாய்த்தூளோடு வறுத்து அரைத்துச் சேர்த்துவிட்டேன்; தூளாகிப் போனதை யார் இலை என்பது?

ஜூலை 29, திங்கள்

சனிக்கிழமை புறப்படாமல் செவ்வாயைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஜூலை விடுமுறைக்காரர் திரும்பவும் ஆகஸ்ட் விடுமுறைக்காரர் புறப்படவும், மாத எல்லைச் சனிக்கிழமைகளில் பிரான்சின் நெடுஞ்சாலைகள் அடைத்துக்கொள்ளும். 1975 கோடையில் வந்த பெரும் நெரிசலுக்குப் பிறகு, மறு வருடமே 'பிசோன் ஃபுத்தே' என்ற பெயரில் அரசு ஒரு போக்குவரத்து முன்னறிவிப்பைத் தொடங்கியது. பச்சை, செம்மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நாட்களுக்கு வண்ணம் தீட்டும் அந்தப் பட்டியலைப் பஞ்சாங்கம்போல் பார்த்துத்தான் நாள் குறித்தேன். அப்பா தனியே பஞ்சாங்கத்தையும் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போனதாகச் சொன்னார். நான் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை.

மாலையில் ஓர் ஒத்திகை. எங்கள் காரில் சாரதி வலப்பக்கம். பிரெஞ்சுச் சுங்கச் சாவடியில் சீட்டு வரும் பெட்டி இடப்பக்கம். ஆகவே சீட்டை எடுப்பதும் பணம் கட்டுவதும் முன் இடப்பக்கம் இருப்பவரின் வேலை. முழங்காலுக்காக அந்த இருக்கை அப்பாவுக்கு. மகள் தன் பாடசாலைப் பிரெஞ்சில் அவருக்கு மூன்று சொற்கள் கற்றுக்கொடுத்தாள். அவர் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில் சில்லறை யூரோக்களை இரண்டு, ஒன்று, ஐம்பது என்று பிரித்து அடுக்கி, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, இல்லாத பெட்டியிலிருந்து இல்லாத சீட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய்க் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். அது கதவுவிளிம்பில் தட்டுகிறதாம்.

ஜூலை 30, செவ்வாய்

காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, எம்25, எம்20 வழியாக ஃபோக்ஸ்டனுக்கு ஆறு மணிக்கு முன்னரே வந்துவிட்டோம். வாசலில் கமெரா எங்கள் இலக்கத்தை வாசித்து, கண்ணாடியில் தொங்கவிட ஓர் எழுத்துத் தாளைக் கொடுத்தது. சுரங்கத்தில் கலே சேர முப்பத்தைந்து நிமிடம். அதற்கு முன் இரண்டு சாவடிகள், முதலில் பிரித்தானியருடையது, சிறிது தள்ளிப் பிரெஞ்சுக்காரருடையது.

ஐந்து கடவுச்சீட்டுகளையும் அப்பாதான் பிடித்திருந்தார். ஷெங்கன் நாடுகளில் தங்கக்கூடிய தொண்ணூறு நாள் கணக்குக்காக ஒவ்வொன்றிலும் முத்திரை குத்த வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். பிரெஞ்சு அதிகாரி ஒவ்வொன்றாக விரித்து, முகங்களைப் பார்த்து, குத்தினார். அப்பாவினுடையதைச் சற்றுக் கூடுதலாகப் புரட்டினார். புத்தம் புதியது, ஒரு பக்கத்திலும் ஒன்றுமில்லை. அப்பா தொடைமேல் இருந்த கோப்பின் கொக்கியைத் திறந்து வைத்துக்கொண்டார். அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. குத்திவிட்டு "பொன் வகோன்ஸ்" (விடுமுறை நலமாகட்டும்) என்றார். அப்பா ஒத்திகையில் கற்ற சொல்லொன்றைத் திருப்பிச் சொன்னார்.

வண்டிகள் வரிசையில் காத்து நின்றபோது அவர் அந்தப் பக்கத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சதுரத்துக்குள் நுழையும் சிறிய அம்புக்குறி, இன்றைய திகதி, மை இன்னும் காயவில்லை.

"அப்ப இப்ப நாங்கள் பிரான்சுக்குள்ளயோ நிக்கிறம்?"

"இல்ல அம்மப்பா, இன்னும் இங்கிலாந்துதான்" என்றான் மகன், தன் உயர்த்தி இருக்கையிலிருந்து. "முத்திரை மட்டும் முன்னுக்குப் போட்டுது."

பச்சை விளக்கு விழுந்தது. அப்பா கடவுச்சீட்டை மூடாமல், மை காயும்படி விரித்தே பிடித்திருந்தார்.